டிரைவர் பக்கத்துக் கதவு

மே 4, திங்கள்

கம்ப்ரசர் வந்து சேர்ந்தது. தாராபுரத்தில் பெயிண்ட் கடையும் பட்டறையும் வைத்திருக்கும் ரஃபீக் தன் ஆட்டோவிலேயே ஏற்றி வந்து, தகரக் கொட்டகையில் எங்கள் வேனுக்குப் பக்கத்தில் இறக்கிக் கொடுத்தான். கூடவே பிரைமர் டின், தின்னர், ஸ்பிரே கன், உப்புத்தாள் கட்டு.

இருபத்தைந்தாம் தேதி எஃப்.சி. வருடா வருடம் பள்ளிக்கூட வேனை ஆர்.டி.ஓ. ஆபீசில் கொண்டுபோய்க் காட்டியாக வேண்டும். பெயிண்ட் உரிந்திருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மே மாதத்தில் பெயிண்டர் கிடைப்பது குதிரைக் கொம்பு. அதனால்தான் நானே அடிக்கிறேன். இதுவரை நான் பெயிண்ட் அடித்தது பூந்தொட்டிக்கு மட்டும்தான்.

ரஃபீக் வண்டியின் இடது பக்கம் முழுவதையும் விரலால் தடவிக்கொண்டே பின்னால் வரை போனான்.

"பட்டறையில விட்டுருங்கக்கா. எந்த வேலை இருந்தாலும் ஒதுக்கிட்டு ரெண்டு நாள்ல நானே முடிச்சுக் குடுக்கறேன்."

"வேண்டாந் தம்பி. நானே பண்ணிப் பழகறேன்."

"எப்படிங்கக்கா ஆச்சு இது?"

"பங்குனி மாசம் பஞ்சாலைச் சுவரோரமா வரும்போது செவலை நாய் ஒண்ணு குறுக்க வந்துருச்சு. எங்க வீட்டுக்காரரு ஸ்டீரிங்க ஒடிச்சாரு, சுவத்துல உரசிருச்சு."

"நாய்க்கு ஒடிச்சா முன்னாடி மூலையிலதான் அடி விழும். இது மொத்தச் சுவரையும் தேச்சுக்கிட்டே வந்தாப்பல இருக்குதுங்களே."

டீ ஆறுகிறது என்று அவனை உள்ளே கூப்பிட்டேன்.

இந்த டைரியே கோயமுத்தூர் டாக்டர் சொல்லி வாங்கியது. என் வீட்டுக்காரர் மாத்திரை போட்டாரா, வேறு ஏதாவது உண்டா என்று தினமும் ஒரு வரி எழுதச் சொன்னார். ஒரு வரி போக நிறைய இடம் மிச்சம் கிடக்கிறது. வண்டிக் கதையையும் இதிலேயே எழுதி வைக்கிறேன்.

மாத்திரை: காலை, இரவு. வேறொன்றுமில்லை.

மே 6, புதன்

இரண்டு நாளாகத் தேய்த்தல்தான். தண்ணீரைத் தொட்டுத் தொட்டு உப்புத்தாளால் தேய்க்கத் தேய்க்க மஞ்சள் கரைந்து ஓடுகிறது. கொட்டகை முழுக்க ஏதோ விசேஷ வீடு மாதிரி மஞ்சள் தண்ணீர். இடது பக்கத்துப் பள்ளங்களுக்குப் பட்டி போட்டுச் சமம் செய்தேன். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே வந்திருக்கிறது.

அவர் வாசல் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பதினோரு வருடம் இந்த வண்டியை ஓட்டியவர். இந்தப் பக்கத்தில் பத்து ஊர்ப் பிள்ளைகளுக்கு 'டிரைவர் மாமா' என்றால் மயில்சாமிதான். சுவரில் உரசியபோது வலது மணிக்கட்டு பிசகிவிட்டது. காலையும் மாலையும் தைலம் போட்டு நீவிக்கொள்கிறார். வீடே தைல வாசம்.

"கையெட்டாத எடத்துல நான் தேய்க்கட்டுமா சாரதா?"

"டாக்டரு ஏணி ஏறக்கூடாதுன்னு சொல்லியிருக்காருங்க."

"ஏணி ஏறாம நின்னுக்கிட்டே தேய்க்கறேன்."

"அதும் வேண்டாங்க."

மணிக்கட்டு பிசகினவனுக்கு ஏணி எதற்கு ஆகாது என்று அவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மாத்திரை: காலை, இரவு. வேறொன்றுமில்லை.

மே 7, வியாழன்

பழைய தண்ணீர் டிரம்மில் அடித்துப் பழகினேன். போனில் வீடியோ பார்த்தால் கோலப்பொடி தூவுகிற வேலையாகத் தெரிகிறது. கன்னைக் கையில் பிடித்ததும் பவிசு தெரிந்துவிட்டது. ஒரு சாண் தள்ளிப் பிடிக்க வேண்டும். கிட்டே போனால் வழிகிறது. எட்டிப் பிடித்தால் தகரத்துக்குப் போய்ச் சேரும் முன்பே வெயிலில் காய்ந்து மாவாக உதிர்கிறது. மணிக்கட்டை ஆட்டாமல், தோளோடு சேர்த்துக் கையை நேராக நகர்த்த வேண்டும். அதுவும் நடுவில் யோசித்துக்கொண்டு நிற்கக்கூடாது. நின்ற இடத்தில் வழிசல் இறங்கிவிடும்.

டிரம் பார்க்கச் சகிக்கவில்லை. அவர் சிரித்தார். பங்குனிக்கு அப்புறம் இன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தார்.

மாத்திரை: காலை, இரவு. வேறொன்றுமில்லை.

மே 9, சனி

ஆழம் தெரியாமல் காலை விட்டுவிட்டேன்.

காற்று கிளம்பும் முன் அடித்துவிட வேண்டும் என்று விடியும்போதே எழுந்து வண்டி முழுக்கத் தின்னரால் துடைத்தேன். கண்ணாடிகளுக்கெல்லாம் நேற்றே பேப்பர் ஒட்டியாயிற்று. தூசி அடங்கத் தரையில் தண்ணீர் தெளித்தேன். எல்லாம் வீடியோவில் சொன்னபடி. ஆனால் நல்ல காரியம் தொடங்குகிறோம், சாமி கும்பிடாமல் எப்படி? விளக்கெண்ணெயில் குங்குமத்தைக் குழைத்து வண்டியின் மூஞ்சியில் மூன்று பொட்டு வைத்தேன். சந்தனமும் வைத்துச் சூடம் காட்டினேன். பிறகு ஈரத்துணியால் பொட்டைத் துடைத்துவிட்டுக் கன்னை எடுத்தேன்.

சாம்பல் நிறம் படர்ந்து வருகிறது, அழகாகத்தான் இருக்கிறது என்று சொல்லி வாயை மூடவில்லை. பொட்டு வைத்த மூன்று இடத்திலும் பிரைமர் விலகிக் குழி குழியாகத் திறந்துகொண்டது. உள்ளே பழைய மஞ்சள் வட்டம் வட்டமாக முழிக்கிறது. மேலே மேலே அடித்தேன். அடிக்க அடிக்க விலகியது.

ரஃபீக்குக்குப் போன் போட்டேன். "இதைய மீன் கண்ணுன்னு சொல்லுவோங்கக்கா. எண்ணெய்ப் பசை துளி இருந்தாலும் பிரைமர் புடிக்காது. மேல எத்தனை கோட்டு அடிச்சாலும் மூடாது. தேச்செடுத்து, சோப்புத் தண்ணியில கழுவி, மறுக்காத் தின்னர் போட்டுத் தொடைச்சுட்டு அடிங்க. சாமியக் கடைசியாக் கும்புட்டுக்கலாம்."

மாத்திரை: காலை, இரவு. வேறொன்றுமில்லை.

மே 10, ஞாயிறு

தேய்த்தேன். தோள்பட்டை போயிற்று. மாத்திரை: காலை, இரவு. வேறொன்றுமில்லை.

மே 12, செவ்வாய்

மூஞ்சி சரியாகிவிட்டது. ஒரு குழி இல்லை. இடது பக்கமும் நன்றாக வந்திருக்கிறது. பட்டி போட்ட இடம் எது என்று எனக்கே தெரியவில்லை. பஞ்சாலைச் சுவர் அங்கே உரசியது என்று இனி யாரும் விரலால் தடவிச் சொல்ல முடியாது.

இப்போது வலது பக்கம், டிரைவர் ஏறும் கதவில் மீன் கண். அந்தப் பக்கம் அடியே படவில்லை. பொட்டும் வைக்கவில்லை. ஒருவேளை போன ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் ஊறியிருக்கலாம். அங்கே மட்டும் தேய்த்து எடுத்தேன்.

கோகிலா போன் செய்தாள். அவள் மகள் நிதர்சனாதான் வேனில் எப்போதும் முன் சீட். வண்டி உரசிய அன்றைக்கு உதட்டில் தையல் போட வேண்டியதாயிற்று. அவளுக்கு மட்டும்தான் அடி, மற்றப் பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை. கோகிலா ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. இன்றும் அப்படித்தான்.

"அண்ணனுக்குக் கை தேவலைங்களாக்கா? ஜூன்ல அண்ணன்தான வருவாரு? வேற யாரையும் போட்டுறாதீங்க. அவரை நம்பித்தான் புள்ளைய அனுப்பறோம்."

"பாக்கலாங் கண்ணு" என்றேன்.

வேறு டிரைவர் வைக்கத்தான் போகிறேன். மூலனூரில் ஒருவர் இருப்பதாக நம்பர் வாங்கி வைத்திருக்கிறேன். நாளைக்குக் கூப்பிட வேண்டும்.

மாத்திரை: காலை, இரவு. வேறொன்றுமில்லை.

மே 14, வியாழன்

மூலனூர்க்காரரை இன்னும் கூப்பிடவில்லை. வண்டி முடிந்து கண்ணுக்கு லட்சணமாக நிற்கட்டும், பிறகு கூப்பிடலாம்.

டிரைவர் பக்கத்துக் கதவில் மறுபடி அடித்தேன். மறுபடி கண்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் கன்னை விட்டெறிந்திருப்பேன். இரவல் சாமான் என்பதால் பத்திரமாகக் கீழே வைத்துவிட்டு, உள்ளே போய்ப் பாத்திரத்தை உருட்டினேன். அவர் எழுந்து வந்து கதவைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்துவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார். வேறு நாளாக இருந்தால் நாலு யோசனை சொல்லியிருப்பார்.

மாத்திரை: காலை, இரவு. வேறொன்றுமில்லை.

மே 16, சனி

நேற்றுத் தேய்த்து, சோப்புப் போட்டுக் கழுவி, தின்னரில் துடைத்து, கை படாமல் விட்டுவிட்டுச் சந்தைக்குப் போனேன். இன்று விடியலில் ஒரு கோட்டு அடித்தேன். அதே இடம். கைப்பிடிக்கு மேலே, கதவின் விளிம்போரம்.

இந்தத் தடவை நிதானமாகப் பார்த்தேன். குழிகள் கண்டபடி விழவில்லை. நாலு நீளமாக மேலே, ஒன்று ஒதுங்கிப் பக்கத்தில், கீழே அகலமாக ஒரு திட்டு. என் கையை அதன்மேல் காற்றில் வைத்துப் பார்த்தேன். என் கையைவிடப் பெரியது.

வண்டியில் ஏறும்போது பிடிக்கிற இடம் அது. கம்ப்ரசர் இறக்கிய அன்று ரஃபீக் பிடித்திருப்பான். அவன் கையும் பெரிய கை.

மாத்திரை: காலை, இரவு. வேறொன்றுமில்லை.

மே 17, ஞாயிறு

காலையில் காப்பி டம்ளரை அவர் கைதவற விட்டுவிட்டார். தைலம் போட்ட கை, வழுக்கியிருக்கும். காப்பி வேட்டியெல்லாம் கொட்டியும் அவர் குனிந்து பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் மூன்று தடவை கூப்பிட்டேன். பிறகு திரும்பி, "என்ன சாரதா, காப்பி போடலியா?" என்று கேட்டார்.

வேறு காப்பி போட்டுக் கொடுத்தேன். தூக்கம் பற்றாமல் இருந்திருக்கும். வெயில் வேறு.

மாத்திரை: காலை, இரவு. வேறொன்றுமில்லை.

மே 18, திங்கள்

மதியம் ரேஷன் கடைக்குப் போய்விட்டுத் திரும்பினேன். முன் கண்ணாடியில் நான் ஒட்டிய பேப்பரில், ஸ்டீரிங்குக்கு நேரே ஓட்டை. காற்றில் கிழிந்திருக்கும். வைகாசி பிறந்ததும் காற்று ஆரம்பித்துவிட்டது. தெற்கே காற்றாலை எல்லாம் சுற்றத் தொடங்கிவிட்டன.

ஆனால் காற்று பேப்பரை நாலு பக்கமும் நேராக வெட்டாது. உள்ளங்கை அகலத்துக்குச் சதுரமாக இருக்கிறது.

சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கல், முன்னால் வைத்ததாக ஞாபகம். பின்னால் கிடக்கிறது. ஈர மண்ணில் டயர் தடம் வாசல்வரை போய், திரும்பிக் கொட்டகைக்குள் வந்திருக்கிறது. வாசலைத் தாண்டிய உடனே ரோடு. எதிர்சாரியில் பால்வாடி.

ஓட்டைக்கு வேறு பேப்பர் ஒட்டினேன். சாவி பீரோவில் நான் வைத்த இடத்தில்தான் இருக்கிறது. பதினோரு வருட வண்டிக்கு ஒரே ஒரு சாவியா இருக்கும்?

மாத்திரை: காலை, இரவு.

மே 19, செவ்வாய்

கேட்டுவிட்டேன். சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன்.

"வண்டிய எடுத்தீங்களா?"

"வாசல்வரைக்குந்தான். நிறுத்தியே வெச்சா பேட்டரி எறங்கிப்போயிரும்."

"பேப்பர்ல ஓட்டை போட்டுக்கிட்டு, அது வழியாப் பாத்துக்கிட்டுங்களா?"

"எனக்கு அந்த வாசல் கண்ணை மூடிக்கிட்டே தெரியும்."

"அதத்தானுங்க நானும் சொல்றேன்" என்றேன்.

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "ரெண்டு மாசமா ஒண்ணுமில்ல சாரதா. மாத்திரை நேரத்துக்குப் போடறேன். நீயே தெனமும் 'வேறொன்றுமில்லை'ன்னு எழுதற. டாக்டருக்குக் காட்டு. அதைப் பாத்தா அவரே ஓட்டச் சொல்லிருவாரு. எப்படியோ நீயும் வண்டியை எனக்குத்தான தயார் பண்ணற?"

இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. மூலனூர் நம்பர் இன்னும் காலண்டர் தாளின் ஓரத்தில் அப்படியே இருக்கிறது. எனக்கே இன்றுதான் உறைத்தது. கோபம் அவர் மேலா என் மேலா என்று தெரியாமல் இருவர் தட்டையும் எடுத்துக் கழுவினேன்.

ஞாயிற்றுக்கிழமைக் காப்பி அவருக்கு ஞாபகமே இல்லை.

மாத்திரை: காலை, இரவு.

மே 21, வியாழன்

கோகிலா வந்தாள். முன்னால் போன் செய்யவில்லை. அக்கம்பக்கத்தில் கல்யாணத்துக்கு வந்தவள், நிதர்சனாவைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே எட்டிப் பார்த்தாள். ஒரு சீப்புப் பழமும் கொண்டு வந்தாள்.

நான் கையும் கன்னுமாகக் கொட்டகையில் நின்றேன். அவர் வாசல் நாற்காலியில். நிதர்சனா வண்டிக்கு வெகுதூரத்திலேயே நின்றுவிட்டாள்.

"போய்ப் பாரு சாமி, உன்ற வண்டிதான். அத்தை எப்படிப் பெயிண்ட் அடிச்சிருக்காங்க பாரு" என்று கோகிலா தள்ளிவிட்டாள். பிள்ளை நகரவில்லை. உதட்டில் தையல் போட்ட தழும்பு இன்னும் வெள்ளையாகத் தெரிந்தது.

"பயந்துக்கிட்டே இருக்கறா. தெருவுல நாயைப் பாத்தாத்தான் பயப்படுவான்னு நெனச்சேன். அதுக்குப் பயப்படறதில்ல. வேனைப் பாத்தாத்தான். விசித்திரமா இருக்குது" என்றாள் கோகிலா.

"அந்தக் கருப்பு நாய் வந்து விழுந்த வேகம் அப்படி" என்றேன். என் வாய் பாட்டுக்குச் சொன்னது. செவலை என்று ரஃபீக்கிடம் சொன்னது, சொல்லி முடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

நிதர்சனா என்னைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தாள். "நாய் வரலை" என்றாள்.

"சும்மா இரு" என்று கோகிலா சிரித்தாள். "அன்னிலேர்ந்து இதே பேச்சுத்தானுங்கக்கா. மாமா கை ஆடுச்சு, மாமா கூப்புட்டாப் பேசலைங்கறா. பயத்துல ஒளர்றா."

நானும் சிரித்தேன். இதை எழுதும்போது என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது. ஆறு வயதுப் பிள்ளை கண்ணால் பார்த்ததைச் சொல்கிறது, இரண்டு பெரிய மனுஷிகள் சிரிக்கிறோம்.

அவர் நாற்காலியைப் பிடித்து எழுந்தார். பிள்ளை பயப்படாத தூரத்தில் போய் நின்றுகொண்டார்.

"ஆமாங் கண்ணு. நாய் வரலை. மாமாவுக்கு வலிப்பு வந்துருச்சு. நீ கூப்புட்டது மாமாவுக்குக் கேக்கலை."

கம்ப்ரசர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நான் போய் அதை நிறுத்தினேன்.

கோகிலா அவரைத் திட்டவில்லை. அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை. என்னையேதான் பார்த்தாள். "ஆஸ்பத்திரியில என்ற தோள்ல சாஞ்சு அழுதுக்கிட்டே நாய் நாய்ன்னு சொன்னீங்களேக்கா. புள்ளை உண்மையச் சொன்னான்னு நான் அவளை அடிச்சேன். பொய் பேசாதன்னு அடிச்சேன்."

பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். நிதர்சனா அவள் தோளுக்கு மேலாக அவரைப் பார்த்துக் கையை ஆட்டினாள். அவரும் ஆட்டினார்.

மாத்திரை: காலை, இரவு.

மே 22, வெள்ளி

விடிந்ததும் என் முன்னால் வந்து நின்றார். சட்டைப் பையிலிருந்து இன்னொரு சாவியை எடுத்து என் கையில் வைத்தார். அதில் தைலம் ஏறிப் பிசுபிசுவென்று இருந்தது. தினமும் ஏறி உட்கார்ந்திருக்கிறார்.

"எல்லா வீட்டுக்கும் சொல்லிரு" என்றார். "இல்லைன்னா நானே சொல்றேன்."

"நாந்தானுங்க பொய் சொன்னேன். நானே சொல்றேன்."

போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நாய் இல்லை, வலிப்பு, எனக்குத் தெரிந்தே மறைத்தேன், இனி அவர் ஓட்ட மாட்டார். ஒவ்வொரு வீட்டிலும் இதே. ஒருவர் பாதியில் வைத்துவிட்டார். ஒரு அம்மா அழுதார். நிதர்சனாவின் அப்பா, இனி எங்கள் வேன் வேண்டாம் என்றார். சரிங்க என்றேன். என்ன சொல்ல முடியும்?

கடைசியாகக் காலண்டரைப் பார்த்து மூலனூர்க்காரரைக் கூப்பிட்டேன். வண்டியைப் பார்க்க நாளைக்கு வருகிறாராம். என்ன வண்டி, என்ன அடி என்று கேட்டார். சொன்னேன்.

பிறகுதான் கையைப் பார்த்தேன். சாவி பட்ட உள்ளங்கை இன்னும் வழவழவென்று இருந்தது. சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினேன். டிரைவர் பக்கத்துக் கதவைத் தகரம் தெரியும்வரை தேய்த்து எடுத்தேன்.

மே 23, சனி

காற்று கிளம்பும் முன் கதவுக்குப் பிரைமர் அடித்தேன். ஒரு சாண் தள்ளி, தோளோடு கையை நகர்த்தி, நடுவில் நிற்காமல். அடித்துவிட்டுப் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஈரம் மங்கி மங்கிச் சாம்பலாக அமர்ந்தது. ஒரு கண்ணும் திறக்கவில்லை. இனி வண்டி முழுக்க மஞ்சள்தான் பாக்கி.

அவர் கொட்டகைக்கு வெளியே வேப்ப மரத்தடியில் நின்றிருந்தார், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு. "புடிச்சிருச்சா?" என்று அங்கிருந்தே கேட்டார்.

"புடிச்சிருச்சுங்க. கிட்ட வந்து பாருங்க."

"வேண்டாம். இங்கிருந்தே தெரியுது" என்றார். கையை முன்னால் எடுக்கவே இல்லை.

உள்ளே வந்து இந்த டைரியை எடுத்தேன். பதினேழாம் தேதிப் பக்கத்தில் 'வேறொன்றுமில்லை' என்பதை அடித்துவிட்டு, டாக்டருக்குப் புரியும்படி எழுதினேன்: காலையில் காப்பி குடிக்கும்போது வந்தது. மூன்று தடவை கூப்பிட்டேன். அவருக்குக் கேட்கவில்லை.